பெயர் பெற்ற வில்லுக்கத்திக் கம்பனியின் தரம் உண்மையில் இறங்கிவிட்டதா?

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். சில மாதங்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை விவரமறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

என் தந்தையார் 1974 ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது, கப்பலில் வந்த மாலுமி ஒருவரிடம் ஒரு வில்லுக்கத்தியை (பிடிக்குள் இருக்கும் உருக்கு வில் அலகைப் பிடித்து நிறுத்தும் மடக்குக்கத்தி) விலைக்கு வாங்கினார். இரண்டு அலகுகளும் பித்தளைத் தகடுகளும் மாட்டுக்கொம்புப் பிடியும் கொண்ட அந்தக் கத்தியால்தான் எங்கள் வீட்டில் மாம்பழம் சீவப்பட்டது, பென்சில் கூராக்கப்பட்டது, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பொதிகளின் கட்டு அறுக்கப்பட்டது. சோதனைச் சாவடிகள் நிறைந்திருந்த ஆண்டுகளில் சட்டைப்பையில் கத்தியுடன் காலி வீதியில் நடக்க எங்களில் எவருக்கும் துணிவிருக்கவில்லை. ஆகவே அது நெடுங்காலம் மேசை லாச்சிக்குள் கிடந்தது. தந்தையார் காலமான பின்னர் என் கைக்கு வந்தது. இன்றும் அதை விரித்தால் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும்; அலகு மயிரிழையும் அசையாது.

என் மகன் பல்கலைக்கழகம் புகுந்தபோது, அதே கம்பனியின் அதே வடிவமுள்ள கத்தியொன்றை அவனுக்குக் கொடுக்க ஆசைப்பட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் மூலம் தருவித்தேன். 2022 இல் ரூபா விழுந்த விழுகைக்குப் பின்னர் அந்த விலையை ரூபாவில் பெருக்கிப் பார்த்தவன் அதை மனைவிக்குச் சொல்லத் தயங்கினேன். கத்தியைக் கையில் எடுத்ததும் மனம் சோர்ந்துவிட்டது. விரித்த அலகைப் பிடித்து ஆட்டினால் அசைகிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிகிறது. ஒரு வாரம் பழம் வெட்டியதும் கூர் மழுங்கி, தக்காளித் தோலை வெட்டாமல் நசுக்கத் தொடங்கியது.

கம்பனியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஒரேயொரு கத்தியை வைத்துக்கொண்டு ஒரு கம்பனியைக் குற்றஞ்சாட்டுவது முறையல்ல என்று நினைக்கிறேன். நான் அறிய விரும்புவது இதுதான்: தரம் இறங்கியிருக்கிறது என்று சொல்வதற்கு எதைப் பார்க்க வேண்டும்? அல்லது தந்தையின் கத்தி என்பதால் என் கண் அதற்குச் சலுகை கொடுக்கிறதா?

பட்டறைக்காரன்:

ஐயா, இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் கருவியறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கத்தி எந்தக் கம்பனியுடையது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் கத்தியில் பொறித்திருக்கும் பெயர் வேறு, அதைச் செய்த பட்டறை வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். பெயரை ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டு விற்றுவிடலாம். பட்டறையில் இருந்தவர்களின் கைப்பழக்கத்தை அப்படி விற்க முடியாது.

இதற்கு ஷ்ரேட் என்ற அமெரிக்கப் பெயர் தெளிவான எடுத்துக்காட்டு. 1904 இல் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கிய அந்தக் கம்பனி, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2004 இல் எலன்வில் என்ற ஊரிலிருந்த தன் தொழிற்சாலையை மூடியது. பெயரும், 'ஓல்ட் டைமர்', 'அங்கிள் ஹென்றி' என்ற புகழ்பெற்ற வரிசைகளும் டெயிலர் என்ற வேறொரு கம்பனிக்குப் போயின. அதன் பின்னர் அந்தப் பெயர்களில் வந்த கத்திகள் பெரும்பாலும் சீனாவில் செய்யப்பட்டன. 2016 இல் அந்தக் கம்பனியையும் ஸ்மித் அண்ட் வெசன் வாங்கியது. ஆகவே 2003 இல் வாங்கிய ஷ்ரேட்டையும் 2010 இல் வாங்கிய ஷ்ரேட்டையும் அருகருகே வைத்துத் தரம் இறங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் ஒரு கம்பனியின் இரு காலங்களை ஒப்பிடவில்லை. ஒரே பெயரைச் சூடிய இரண்டு வெவ்வேறு பட்டறைகளை ஒப்பிடுகிறார்.

அதற்காக வேறு நாட்டில் செய்தது என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சுவிஸ் இராணுவம் தன் வீரர்களுக்கென முதன்முதலில் வாங்கிய மடக்குக்கத்திகளே 1891 இல் ஜேர்மனியின் சோலிங்கன் நகரில் வெஸ்டர் என்ற கம்பனி செய்து கொடுத்தவைதாம்; அவ்வளவு பெரிய கட்டளையை நிறைவேற்றும் பட்டறை அப்போது சுவிற்சர்லாந்தில் இருக்கவில்லை.

இனி உருக்கைப் பற்றி. இதில்தான் மக்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். பக் என்ற கம்பனி 1964 இல் வெளியிட்ட 110 என்ற மடக்குக்கத்தி உலகெங்கும் பெயர் பெற்றது. அதன் அலகு தொடக்கத்தில் 440 சி என்ற உருக்கால் ஆனது. உருக்கைக் கடினமாக்கும் கரி அதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு இருக்கும். 1980களில் அதைக் கைவிட்டு 425 எம் என்ற உருக்குக்கும், 1990களில் 420 எச்.சி. என்ற உருக்குக்கும் மாறினார்கள். இந்தக் கடைசி உருக்கில் கரி அரைப் பங்குக்கும் குறைவு. தகட்டை அச்சில் வெட்டும்போது 440 சி அச்சுகளை விரைவில் தேய்த்துவிடும் என்பது மாற்றத்துக்கான ஒரு காரணம். எண்களை மட்டும் பார்ப்பவர் இதை வீழ்ச்சி என்றே சொல்வார். ஆனால் போல் பொஸ் என்பவர் வகுத்த தோய்ச்சல் முறையில், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துப் பதமேற்றும் முறையில், அந்த மலிவான உருக்கையே உலோகத்தின் கடினத்தை அளக்கும் ரொக்வெல் கணக்கில் 58 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அது கூரை நன்றாகவே தாங்குகிறது, தீட்டுவதும் இலகு. எங்கள் ஊர்க் கம்மாலையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த உண்மைதான் இது: நல்ல இரும்பைத் தோய்ச்சல் தெரியாதவன் கெடுத்துவிடுவான், நடுத்தர இரும்பைத் தெரிந்தவன் காப்பாற்றிவிடுவான்.

அலகு அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. இடம் வலமாக அசைந்தால், ஆணியை இறுக்கி அடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது அவசர வேலை, திருத்திவிடலாம். மேலும் கீழுமாக அசைந்தால், அலகின் அடியும் வில்லின் நுனியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருத்தம் அராவி அராவிப் பார்த்து வர வேண்டியது. அங்கே குறை இருந்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. அலகின் அடியில், பிடியோடு சேருமிடத்தில், சிறிய எழுத்துகள் பொறித்திருக்கும். இரண்டு கத்திகளிலும் அந்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்து எழுதுங்கள்.

சாணைக்கல்:

கூரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவற்றைப் பட்டறைக்காரன் ஐயா என்னைவிட நன்றாக அறிவார். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைகள் மருதானைப் பகுதியில் கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடித்து வாழ்ந்தவை.

புதுக் கத்தி ஒரு வாரத்தில் மழுங்குவதை வைத்து உருக்கு மட்டம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் கடைசிக் கூரை விரைந்து சுழலும் பட்டையில் சில நொடிகளில் ஏற்றிவிடுவார்கள். விளிம்பு மிக மெல்லியது என்பதால் அந்தச் சூட்டில் அதன் நுனி மட்டும் பதம் இழந்துவிடக்கூடும். கையால் தொட்டால் கத்தி குளிர்ந்தே இருக்கும், ஆனால் கூர் இருக்கும் அந்த மயிரிழை வெந்துபோயிருக்கும். கல்லில் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை தீட்டினால் வெந்த பகுதி தேய்ந்து போய், அதற்கு அடியிலிருக்கும் நல்ல உருக்கு வெளியே வரும். மூன்றாவது தீட்டுக்குப் பிறகுதான் ஒரு கத்தியின் குணத்தை அறியலாம் என்று என் தகப்பனார் சொல்வார்.

இன்னொன்று, உங்கள் தந்தையாரின் கத்தி எத்தனையோ முறை தீட்டப்பட்டிருக்கும். தீட்டத் தீட்ட விளிம்புக்குப் பின்னாலிருக்கும் தோளும் மெலிந்துவிடும். அதனால்தான் அது பழத்துக்குள் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. புதிய அலகு தடித்த தோளோடு வருகிறது. கூர் இருந்தாலும் பிளந்துகொண்டு போகுமே தவிர வெட்டாது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பாகை அளவில் கல்லில் சாய்த்துப் பொறுமையாகத் தீட்டுங்கள். சைக்கிளில் கல் பூட்டி வருபவரிடம் மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். என் சொந்தத் தொழிலுக்கே எதிராகப் பேசுகிறேன் என்றாலும், அந்தக் கல்லில் தீப்பொறி பறக்கும்போது உங்கள் கத்தியின் பதமும் சேர்ந்தே பறக்கிறது. தேங்காய் துருவும் அலகுக்கும் இறைச்சிக் கத்திக்கும் அது போதும், வில்லுக்கத்திக்கு ஆகாது.

கொட்டாஞ்சேனைப் பெரியவர்:

தம்பி, எனக்கு எண்பத்திரண்டு வயது. இப்படிப்பட்ட முறைப்பாட்டை என் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே வருகிறேன். என் சிறு வயதில் வீட்டில் நல்ல கத்தி என்றால் ரொஜர்ஸ் கத்தி என்றே அர்த்தம். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஜோசப் ரொஜர்ஸ் கம்பனியின் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த கத்தி அது. என் பாட்டனார் அப்போதே, "முந்திய ரொஜர்ஸ் மாதிரி இப்போது வருவதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாங்கியது உண்மையான ரொஜர்ஸ்தானா, அந்தக் குறியைத் திருட்டுத்தனமாகப் பொறித்ததா என்பதை யார் அறிவார்? பெயர் பெற்ற குறியைக் களவாடுவது புறக்கோட்டையில் நேற்றுத் தொடங்கிய வியாபாரமல்ல. அந்த ரொஜர்ஸும் 1970களில் வேறு கம்பனிகளோடு சேர்ந்து கரைந்துபோயிற்று.

நீங்கள் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. 1974 இல் விற்ற கத்திகளில் வில் முறிந்தவையும், அலகு ஆடியவையும், துரு தின்றவையும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. தப்பிப் பிழைத்த நல்லதொன்று மட்டும் உங்கள் லாச்சியில் இருக்கிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தையே அளக்கிறீர்கள்.

தெகிவளை நிலா:

பெரியவர் ஐயா சொன்னதை மதிக்கிறேன்; ஆனால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. பழைய குறைகள் மறக்கப்பட்டுவிட்டன என்பது உண்மைதான். அதற்காக, விலை கொடுத்து வாங்கிய புதிய கத்தி பெட்டியைத் திறந்த அன்றே ஆடுவதை மனப்பிரமை என்று சொல்லிவிட முடியுமா? நான் வீட்டுத்தோட்டத்தில் பதியமும் ஒட்டும் வைப்பவள். கையில் எப்போதும் ஒரு மடக்குக்கத்தி இருக்கும். என் அனுபவத்தில், கீழே போகாத பெயர்களும் இருக்கின்றன.

சுவிற்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884 இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினொக்ஸ். இன்றும் அதே ஊரில், அதே குடும்பத்தின் பொறுப்பில் நடக்கிறது. 2001 செப்டெம்பருக்குப் பின்னர் விமானத்தில் கத்தி கொண்டுபோக முடியாமற் போனதும் அவர்களுடைய கத்தி விற்பனை பெரிதும் சரிந்தது; 2005 இல் தங்கள் பழைய போட்டியாளரான வெங்கரையும் வாங்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் அலகின் கடினத்தை ரொக்வெல் 56 அளவில், வில்லை 49 அளவில் என்று வகுத்த கணக்கைப் பேணி வந்திருக்கிறார்கள். ஐம்பத்தாறு என்பது சேகரிப்பாளர்கள் இகழ்ந்து பேசும் எண்; அதை அவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். அலகு சற்று மென்மையாக இருந்தால் யாரும் வீட்டில் தீட்டிக்கொள்ளலாம்; அவர்கள் எடுக்கும் துருப்பிடிக்காத உருக்கில் துருவும் எளிதில் ஏறாது. கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வாழ்கிற எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது.

வெள்ளவத்தை அண்ணா, உங்கள் கத்தியும் கடற்காற்றில்தான் இருக்கிறது. கம்பனியைக் குறை சொல்வதற்கு முன்னர் கொழும்பின் ஈரக்காற்றையும் கணக்கில் எடுங்கள். பிரான்சின் ஒப்பினெல் கத்தி என்னிடம் இரண்டு இருக்கின்றன. மழைக்காலத்தில் அதன் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, அலகை நகத்தால் திறக்க முடியாதபடி இறுகிவிடும். பிடியின் அடியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அலகு தலை நீட்டும். முதல் தடவை அப்படி இறுகியபோது நானும் தரம் கெட்டுவிட்டது என்றே எண்ணினேன். மரப்பிடிக் கத்தியின் இயல்பு அது. கரி உருக்கு அலகுள்ள மற்றக் கத்தியால் ஒரு தேசிக்காய் வெட்டித் துடைக்காமல் விட்டால் மாலைக்குள் கறுத்துவிடும். அதுவும் குறையல்ல. ஆனால் உலோகத் தகடு பொருந்தாமல் ஒளி தெரிவதற்கு எந்த மழைக்காலமும் பொறுப்பாகாது.

வெள்ளவத்தைவாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். சில இடங்களில் வெட்கப்படவும் நேர்ந்தது.

முதலில் பொறித்த எழுத்துகள். தந்தையாரின் கத்தியில் கம்பனியின் பெயரோடு அந்நாட்டின் பெயர் இருக்கிறது. புதியதில் கம்பனியின் பெயர் பெரிதாக முகப்பிலும், வேறொரு நாட்டின் பெயர் அலகின் பின்புறத்தில், பிடி மறைக்கிற அளவுக்குக் கீழேயும் இருக்கிறது. பெட்டியின் மேல் கம்பனி தொடங்கிய ஆண்டைப் பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எங்கே செய்தது என்பது அடியில் ஒட்டிய சிறு தாளில். மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கூர் விடயத்தில் சாணைக்கல் நண்பர் சொன்னது அப்படியே பலித்தது. பழைய சோனகத் தெருவில் ஒரு நல்ல தீட்டுக்கல் வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தீட்டினேன். இப்போது மூன்று வாரமாகியும் தக்காளித் தோலை இழுத்த இழுப்பில் வெட்டுகிறது. உருக்கைப் பற்றி நான் சொன்ன குற்றச்சாட்டை மீளப் பெற்றுக்கொள்கிறேன். பழைய கத்தியை உற்றுப் பார்த்தபோது பெரிய அலகு அகலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழந்திருப்பதையும், சிறிய அலகின் நுனி எப்போதோ முறிந்து மறுபடி சாணை பிடிக்கப்பட்டிருப்பதையும் கண்டேன். இத்தனை காலமும் அது என் கண்ணில் படவில்லை என்பது பெரியவர் ஐயாவின் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது.

ஆனால் ஆட்டம் வேறு கதை. பெரிய அலகு இடம் வலமாகவும், சிறிய அலகு மேலும் கீழுமாகவும் அசைகிறது. பழைய கத்தியின் வில்லைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், உள்விளிம்பில் அரத்தின் நுண்ணிய கீறல்கள் சாய்வாகத் தெரிகின்றன. யாரோ ஒருவர் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து அராவியிருக்கிறார். புதியதில் அப்படியொரு கீறலும் இல்லை, இயந்திரம் வெட்டியது வெட்டியபடியே இருக்கிறது. ஆகவே என் முடிவு இது: உருக்கு இறங்கவில்லை, பொருத்தும் வேலை இறங்கியிருக்கிறது, அந்த வேலைக்குச் செலவாகும் நேரத்தைக் குறைத்துவிட்டு, பழைய வேலையின் பெயரில் விலை கேட்கிறார்கள். வாழ்நாள் உத்தரவாதம் உண்டென்று தாளில் எழுதியிருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு கத்தியைக் கடல் கடந்து அனுப்பும் கூலியையும், சுங்கத்தில் சொல்ல வேண்டிய விளக்கங்களையும் எண்ணிப் பார்த்து அதை மடித்து வைத்துவிட்டேன்.

பெரிய அலகின் ஆணியை நானே அடித்து இறுக்கலாமா?

பட்டறைக்காரன்:

இறுக்கலாம், ஐயா, ஆனால் ஒரே அடியில் முடிக்க நினைக்க வேண்டாம். ஆணியின் ஒரு தலையை உருக்குக் கட்டையின் மேல் வைத்து, மறுதலையை உருண்டை முகமுள்ள சிறு சுத்தியலால், பல்லி சொல்வது போன்ற ஓசையில், பத்துப் பன்னிரண்டு முறை தட்டுங்கள். ஒவ்வொரு சில தட்டுக்கும் அலகை விரித்துப் பாருங்கள். ஆட்டம் நின்ற கணத்தில் நிறுத்திவிட வேண்டும். மேலும் தட்டினால் அலகு திறக்காது. சிறிய அலகின் மேல்கீழ் அசைவை இதனால் திருத்த முடியாது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். தந்தையாரின் கத்தியில் மட்டும் சுத்தியலை வைக்காதீர்கள்; ஐம்பது ஆண்டுக் கொம்பு உலர்ந்திருக்கும், ஆணியைச் சுற்றி வெடித்துவிடும். இரண்டுக்கும் எண்ணெய் விடும்போது தேங்காயெண்ணெய் வேண்டாம்; நாளடைவில் காறி அழுக்கைச் சேர்த்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும்.